கொரியாவில் சாப்பிட: முதலில் உணவு, பிறகு கடை

நம் ஊரில் பசி எடுத்தால் நல்ல ஓட்டலாகப் பார்த்து உள்ளே நுழைவோம். தோசையா, பரோட்டாவா, பிரியாணியா என்பதை உட்கார்ந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம். தென் கொரியாவில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். என்ன சாப்பிடப்போகிறோம் என்பதைத் தெருவிலேயே முடிவு செய்துவிட்டு, அதைச் செய்யும் கடையைத் தேட வேண்டும். அங்கே பெயர்பெற்ற கடைகளில் பெரும்பாலானவை ஓர் உணவையோ, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று நான்கு உணவுகளையோ மட்டும் செய்பவை. மாட்டெலும்புச் சாறு காய்ச்சும் கடையில் போய்க் காய்கறிச் சோறு கேட்டால் கிடைக்காது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதையடுத்துச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கொரிய உணவகங்கள் முளைத்தன. அவற்றில் சாப்பிட்டவர்களுக்கு, சுட்ட இறைச்சி, சூப், நூடுல்ஸ், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் எல்லாம் ஒரே பட்டியலில் இருப்பது பழகியிருக்கும். அயல்நாட்டில் ஒரு கடை தன் நாட்டுச் சமையல் முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது, அதனால் அப்படி. அந்தப் பழக்கத்தோடு சியோலுக்குப் போனால் முதல் நாளே ஏமாற்றம் வரும். சியோலில் பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நம்பலாம் என்பது என் கணக்கு.

கிளம்பும் முன்

கொரிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மொழி தெரிய வேண்டியதில்லை, எழுத்து மட்டும் போதும். பதினைந்தாம் நூற்றாண்டில் அரசர் செஜோங் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாகும் முறை, உயிர்மெய்யில் வளர்ந்த நமக்கு எளிதாகப் பிடிபடும். விமானத்தில் போகும் நேரத்திலேயே பாதி படித்துவிடலாம். தெருக் கடைகளின் பட்டியல் பெரும்பாலும் சுவரில் கொரிய எழுத்தில் மட்டுமே இருப்பதால், இந்த உழைப்பு அன்றைக்கே பலன் தரும்.

எழுத்து வந்துவிட்டால் அடுத்து, உணவுப் பெயர்களின் கடைசி அசையைக் கவனியுங்கள். உணவின் வகை அங்கேதான் இருக்கும். ‘பாப்’ என்று முடிந்தால் சோறு. ‘குக்’ அல்லது ‘தாங்’ என்றால் சூப். ‘ஜிகே’ என்றால் அதைவிடக் கெட்டியான, உப்பும் உறைப்பும் கூடிய குழம்பு. ‘மியோன்’, ‘குக்சு’ இரண்டும் நூடுல்ஸ். ‘குய்’ என்றால் சுட்டது, ‘ஜொன்’ என்றால் மாவில் தோய்த்துக் கல்லில் வார்த்தது, ‘ஜிம்’ என்றால் ஆவியிலோ சாற்றிலோ வெந்தது, ‘போக்கும்’ என்றால் வதக்கியது. இந்தச் சில அசைகளோடு மாடு என்றால் ‘சோ’, பன்றி என்றால் ‘துவேஜி’, கோழி என்றால் ‘தாக்’, கடலுணவு என்றால் ‘ஹேமுல்’ என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால், பட்டியலில் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

கைப்பேசியில் நேவர் மேப், காகாவ் மேப் இரண்டில் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். கொரியாவில் கூகுள் மேப்பின் வழிகாட்டலை நம்பிக் கிளம்ப முடியாது. கடை திறக்கும் நேரம், இடைவேளை, விலையோடு கூடிய பட்டியலின் படம் எல்லாம் நேவரில் கிடைக்கும். மொழிபெயர்ப்புக்குப் பாப்பகோ செயலி உதவும். பட்டியலைப் படம் எடுத்தால் ஆங்கிலத்தில் காட்டும்.

நேரமும் முக்கியம். அலுவலகப் பகுதிகளில் பகல் 12 மணி முதல் 1 மணி வரை எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும். பதினொன்றரைக்குப் போய்விட்டால் நிம்மதி. பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை பல கடைகள் அடுப்பை அணைத்து ஓய்வெடுக்கும். நம் வழக்கப்படி மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு தேடினால் அலைய வேண்டியதுதான்.

உள்ளே நுழைந்ததும்

‘எத்தனை பேர்?’ என்று கேட்பார்கள். விரலைக் காட்டினால் போதும். தரையில் அமரும் அறை இருந்தால் காலணியைக் கழற்றி வைக்கும் அலமாரி வாசலிலேயே தெரியும். இந்த ஒன்றை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேசையில் கரண்டியும் குச்சிகளும் இல்லையே என்று தேடாதீர்கள். மேசையின் பக்கவாட்டில் ஓர் இழுப்பறை இருக்கும். அதற்குள்தான் கரண்டி, குச்சிகள், காகிதத் துடைப்பான் எல்லாம். உங்களோடு வந்தவர்களுக்கும் எடுத்துக் கொடுத்து, அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது இளையவர் வேலை. பல கடைகளில் தண்ணீரை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த தண்ணீர் இலவசம், சில இடங்களில் தண்ணீருக்குப் பதில் வறுத்த பார்லி போட்ட தேநீர் வரும்.

பணியாளரை அழைக்க மேசையில் ஒரு பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் ‘யொகியோ!’ என்று குரல் கொடுக்க வேண்டும். கூச்சப்பட்டுக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தால் யாரும் வரமாட்டார்கள். ஒரு முறை சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்த பிறகு, கூப்பிடாமல் வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. உரக்கக் கூப்பிடுவதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைகள் பலவற்றில் இப்போது வாசலில் தொடுதிரை இயந்திரமோ, மேசையில் சிறு திரையோ இருக்கும். அதில் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாற்றும் பொத்தானும் உண்டு. அதெல்லாம் இல்லாத கடையில் படத்தைத் தொட்டுக் காட்டி ‘இகொ ஹானா ஜுசெயோ’ என்றால் ‘இதில் ஒன்று கொடுங்கள்’ என்று பொருள். இரண்டு வேண்டுமென்றால் ‘ஹானா’வுக்குப் பதில் ‘துல்’.

ஒரு முக்கியமான கட்டுப்பாடு: இறைச்சியும், மேசை நடுவில் பெரிய சட்டியில் கொதிக்கும் வகைகளும் ‘இன்புன்’ கணக்கில், அதாவது ஓர் ஆள் பங்கு என்ற அளவில் விற்கப்படும். பெரும்பாலும் குறைந்தது இரண்டு பங்கு வாங்க வேண்டும். தனியாகப் போகிறவர்களைச் சில இறைச்சிக் கடைகள் திருப்பி அனுப்பிவிடும். அதில் வருந்த ஒன்றுமில்லை. ஒரு மேசைக்கு நெருப்பு, தட்டு, பத்துக் கிண்ணம் என்று அவர்கள் செய்யும் ஏற்பாடு ஓர் ஆளுக்குக் கட்டுப்படியாகாது.

சின்னக் கிண்ணங்கள்

கேட்காமலேயே ஐந்தாறு கிண்ணங்கள் வந்து இறங்கும். இவை பன்ச்சான் என்ற தொடுகறிகள். முட்டைக்கோஸை உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த கிம்ச்சி, முள்ளங்கித் துண்டுகளைப் புளிக்கவைத்த கக்துகி, நல்லெண்ணெய் தொட்டுப் பிசறிய கீரை, முளைகட்டிய சோயா, இனிப்பும் உப்புமாக வறுத்த நெத்திலி, மீனை விழுதாக்கிச் செய்த மீன் கேக் வதக்கல் என்று கடைக்குக் கடை மாறும். இவற்றுக்குத் தனிக் காசு இல்லை. தீர்ந்தால் ‘பன்ச்சான் தொ ஜுசெயோ’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஓரத்தில் இருக்கும் மேசையிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் பலர் இதைப் பசியாற்றும் முன்னோட்டமாக எண்ணிச் சோறு வருவதற்குள் காலி செய்துவிடுகிறார்கள். வெறும் வாயில் தின்றால் கிம்ச்சி உப்புக் கரிக்கும், நெத்திலி தித்திக்கும். அவை அளவாகச் செய்யப்பட்டிருப்பது வெள்ளைச் சோற்றுக்கு. ஒரு வாய் சோறு, ஒரு கிண்ணத்திலிருந்து ஒரு துணுக்கு, ஒரு மிடறு சூப், மறுபடி சோறு, வேறு கிண்ணம். கொரியச் சாப்பாடு இப்படி மேசையெங்கும் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு வாயும் வேறு சுவையாக இருப்பதுதான் அதன் அழகு. உப்பில்லாமல் வரும் மாட்டெலும்புச் சாறான சொல்லோங்தாங்கோடு கக்துகி ஏன் வருகிறது என்பது இரண்டையும் சேர்த்து வாயில் வைக்கும்போது விளங்கும். கக்துகியின் சாற்றையே சூப்பில் ஊற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் முறை வாங்கும்போது முடிக்கக்கூடிய அளவு மட்டும் கேளுங்கள். இலவசம் என்பதற்காக வாங்கி மீதி வைப்பதை நான் மனதார வெறுக்கிறேன். அந்தக் கிண்ணங்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அவ்வளவு. குளிர்காலம் தொடங்கும் முன் அக்கம்பக்கத்தார் கூடி மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸை உப்பிட்டுக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகச் சேர்த்துக்கொண்டது. சோயாவை வேகவைத்துக் கட்டியாக்கி, உலர்த்தி, உப்புநீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்யும் ‘ஜாங்’ மரபு 2024-இல் சேர்ந்தது. ஊறிய நீர் கான்ஜாங் என்ற சோயாச் சாறாகும், அடியில் தங்கும் விழுது தொயென்ஜாங் ஆகும். இவற்றோடு மிளகாயும் ஒட்டரிசியும் சேர்ந்த கோச்சுஜாங். இந்த மூன்றும் இல்லாமல் கொரியச் சமையலறை இல்லை.

கரண்டியும் குச்சியும்

சோறும் சூப்பும் கரண்டியால், மற்றவை குச்சியால். சீனாவிலும் ஜப்பானிலும் கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பார்கள். கொரியாவில் கிண்ணம் மேசையிலேயே இருக்க வேண்டும். உலோகக் கிண்ணத்தில் மூடி போட்டு வரும் சோறு சுடும் சூட்டில் தூக்கவும் முடியாது. கரண்டியையும் குச்சியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்காதீர்கள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. முன்னோர்க்குப் படைக்கும்போதுதான் கரண்டியைச் சோற்றில் அப்படி நட்டு வைப்பார்கள். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் தொடங்க வேண்டும். மூக்கைச் சிந்துவது அநாகரிகம். காரத்தில் மூக்கு ஒழுகினால் எழுந்து வெளியே போய் வாருங்கள்.

கொரியக் குச்சிகள் தட்டையான எஃகு. வழுக்கும். வராவிட்டால் ‘ஃபோர்க்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். கரண்டியை வைத்தே முக்கால் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

இறைச்சி சுடும் மேசை

கொரியாவில் ஒரே ஒரு மாலை இருக்கிறது, துணையும் இருக்கிறது, இறைச்சியும் சாப்பிடுவீர்கள் என்றால் இங்கேதான் போக வேண்டும். சம்க்யோப்சால் என்ற பன்றி வயிற்றிறைச்சி எல்லோருக்கும் பிடித்தது. 2024-இல் சியோலில் 200 கிராமின் சராசரி விலை 20,000 வோனைக் கடந்தது. மசாலாவில் ஊறிய விலா இறைச்சி கல்பி. அதன் மாட்டிறைச்சி வகைக்குச் சுவொன் நகரம் பெயர்பெற்றது. கொரியாவின் சொந்த மாட்டினமான ஹனுவின் இறைச்சி விலை மிக அதிகம். மாடும் பன்றியும் வேண்டாம் என்பவர்களுக்குச் சுன்ச்சொன் நகரத்துத் தக்கல்பி அருமையான வழி: கோழித் துண்டுகள், முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி, அரிசி உருளைகள் எல்லாம் சிவந்த விழுதில் பெரிய கல்லில் புரளும்.

மேசையிலிருக்கும் நெருப்பில் நாமே சுடும்போது சில விஷயங்கள். ஊறவைக்காத இறைச்சியை முதலில் சுடுங்கள், ஊறியதைப் பிறகு. ஊறியதில் இருக்கும் சர்க்கரை, சுடும் கம்பி வலையில் ஒட்டிக் கருகிவிடும். துண்டு பெரிதாக வரும். ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு திருப்பி, இடுக்கியால் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். ஆம், கத்தரிக்கோல்தான். வலை கருகினால் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். பணியாளரே வந்து சுட்டுக் கொடுக்கும் கடைகளும் நிறைய. இடுக்கி அவர் கையில் இருந்தால் விட்டுவிடுங்கள், அவருக்கு நெருப்பின் அளவு தெரியும்.

அடுத்தது சாம். லெட்யூஸ் இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் மணமிக்க பெரில்லா இலை, ஒரு துண்டு இறைச்சி, சுட்ட பூண்டு, சிறிது சாம்ஜாங் விழுது, விருப்பமிருந்தால் கொஞ்சம் சோறு வைத்து மடித்து ஒரே வாயாகப் போட வேண்டும். பாதி கடித்து வைத்தால் எல்லாம் சிதறிவிடும், சுவைகளும் பிரிந்துவிடும். கொரிய மேசையில் கையால் உண்ணும் சில வாய்களில் இது ஒன்று. கையால் உண்டு வளர்ந்தவர்கள் இதை முதல் முறையே சரியாகச் செய்துவிடுகிறார்கள்.

இறைச்சி முடியும் தறுவாயில் ‘சாப்பாடு என்ன?’ என்று கேட்பார்கள். இவ்வளவு தின்றது சாப்பாடில்லையா என்று திகைக்க வேண்டாம். சோறோ நூடுல்ஸோ வந்தால்தான் அவர்களுக்கு அது சாப்பாடு. நேங்மியோன் என்ற குளிர்ந்த நூடுல்ஸ், அல்லது சோற்றோடு தொயென்ஜாங் ஜிகே கேட்பது வழக்கம். தக்கல்பி கடையில் அதே கல்லில் மிச்ச விழுதோடு சோற்றைப் போட்டு வதக்கித் தருவார்கள். அடியில் பொறுக்கு விழும்வரை காத்திருங்கள். வயிற்றில் கட்டாயம் அதற்கு இடம் வைத்திருக்க வேண்டும்.

துணியில் புகை வாடை ஏறும். அதற்கென்றே பல கடைகளில் மேலங்கியைப் போட்டு மூட நெகிழிப் பையும், உள்ளே பொருள் வைக்கும் முக்காலியும், வாசலில் வாடை போக்கும் தெளிப்பானும் இருக்கும்.

கொதிக்கும் சட்டிகள்

கொரிய உணவு காரம் என்று பயமுறுத்துவார்கள். ஆக்டோபஸ் வதக்கல், ‘புல்தாக்’ என்று பெயரிட்ட கோழி போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், பெரும்பாலானவற்றில் காரத்தோடு இனிப்பும் கலந்திருப்பதால் நம் நாக்குக்கு அது பெரிதாகத் தெரியாது. நீங்கள் அஞ்ச வேண்டியது சூட்டுக்கு. மண்சட்டியில் தளதளவென்று கொதித்தபடியே மேசைக்கு வரும். அவசரப்பட்டால் மேலண்ணம் வெந்துவிடும், பிறகு இரண்டு நாளுக்கு எதிலும் சுவை தெரியாது. கரண்டியில் எடுத்துச் சோற்றின்மேல் வைத்து ஆற்றிச் சாப்பிடுங்கள்.

முதல் முறைக்குச் சுந்துபு ஜிகேயைப் பரிந்துரைப்பேன். கெட்டிப்படுத்தாத சோயாத் தயிர் (டோஃபு), சிவந்த சாறு. பச்சை முட்டை தனியாகக் கொடுத்தால் சட்டி கொதிக்கும்போதே உடைத்து ஊற்றிவிட வேண்டும். நன்கு புளித்த பழைய கிம்ச்சியில் செய்யும் கிம்ச்சி ஜிகேயில் பெரும்பாலும் பன்றி இருக்கும். உய்ஜொங்பு நகரத்தின் புதே ஜிகே போரின் வடு: கொரியப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வந்த ஹாம் என்ற பதப்படுத்திய பன்றியிறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவிட்டுப் பசியாறியதில் பிறந்தது. இன்று அதில் ராமியோன் நூடுல்ஸும் போட்டு விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

குக்பாப் என்றால் சூப்பும் சோறும் சேர்ந்த ஒரு கிண்ணம். புசானில் பன்றி எலும்புச் சாறு, ஜொன்ஜுவில் முளைகட்டிய சோயாச் சாறு. இந்தக் கடைகளில் சாறு உப்புக் குறைவாகவே வரும். மேசையிலுள்ள உப்பு, உப்பில் ஊறிய கூனி இறால், மிளகாய் விழுது இவற்றைச் சேர்த்து நம் சுவைக்கு நாமே கொண்டுவர வேண்டும். தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கடை இல்லை. விடியற்காலையிலும் திறந்திருப்பவை உண்டு.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ‘போக்நால்’ எனப்படும் மூன்று வெப்ப நாள்களில் சம்கேதாங் கடை வாசல்களில் நீண்ட வரிசையைப் பார்க்கலாம். ஒட்டரிசி, ஜின்செங், பூண்டு, இலந்தை அடைத்த முழு இளங்கோழி, காரமில்லாத வெண்சாற்றில். வெயிலை வெப்பத்தால் வெல்வது என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பாதுகாப்பான தேர்வு இது.

சோறும் நூடுல்ஸும்

சோற்றின்மேல் காய்கறிகளும் இறைச்சியும் முட்டையும் வைத்த பிபிம்பாப் கிண்ணம் அழகாக அடுக்கி வரும். படம் எடுத்த பிறகு தயங்காமல் கலக்குங்கள். கோச்சுஜாங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு பருக்கை வெள்ளை தெரியாமல் பிசைய வேண்டும். கல்சட்டியில் வரும் வகையில் மட்டும் சற்றுப் பொறுத்தால் அடிச்சோறு மொறுமொறுப்பாகும்.

நேங்மியோன் புதியவர்களைக் குழப்பும். பியோங்யாங் முறையில், ஆங்கிலத்தில் பக்வீட் எனப்படும் மெமில் தானிய நூடுல்ஸ், பனிக்கட்டி மிதக்கும் தெளிந்த மாட்டிறைச்சிச் சாறு. முதல் மிடறில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். வினிகரும் கடுகு விழுதும் ஊற்றும் முன் சாற்றை அப்படியே குடித்துப் பாருங்கள். பாதிக் கிண்ணத்தில் அதன் மென்மை பிடிபடத் தொடங்கும். ஹம்ஹுங் முறையில் நூடுல்ஸ் ரப்பர்போல் இழுபடும், விழுது சிவந்திருக்கும். இரண்டும் இன்றைய வட கொரிய நகரங்களின் உணவு. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் தெற்கே வந்த அகதிகளால் இங்கே பரவியது. மெமில் கிடைக்காத புசானில் அவர்கள் கோதுமை மாவில் செய்தது மில்மியோன் என்ற பெயரில் இன்றும் அந்த ஊரின் பெருமை.

அவசரப் பசிக்குப் புன்சிக் கடைகள் இருக்கின்றன. ஒரு கடை ஓர் உணவு என்ற விதிக்கு இவை விலக்கு. கிம்பாப், ராமியோன், அரிசி உருளைகளைச் சிவந்த விழுதில் கொதிக்கவிட்ட தொக்போக்கி என்று சுவர் முழுக்கப் பட்டியல் இருக்கும், விலையும் குறைவு.

சைவர்கள், மாடோ பன்றியோ விலக்குபவர்கள்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். கொரியாவில் இறைச்சி பெரும்பாலும் சாற்றில் கரைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்கறிக் குழம்புபோல் தோன்றும் தொயென்ஜாங் ஜிகேயின் அடியில் நெத்திலிக் கருவாட்டுச் சாறு இருக்கும். பெரும்பாலான கிம்ச்சியில் மீன் சாறோ கூனி இறாலோ சேர்ந்திருக்கும். பிபிம்பாப்புக்குத் தரும் கோச்சுஜாங் கொத்திறைச்சியோடு வதக்கியதாக இருக்கலாம். ‘காய்கறி கிம்பாப்’ என்ற பெயரிலேயே ஹாமும் மீன் கேக்கும் முட்டையும் இருப்பது சாதாரணம். தொக்போக்கி விழுதுச் சாற்றிலும் நெத்திலி உண்டு.

‘நான் சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் நல்லெண்ணத்தோடு இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றைத் தருவார்கள். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குங்கள். ‘கோகி பே ஜுசெயோ’ என்றால் இறைச்சியை நீக்கிவிடுங்கள் என்று பொருள். ‘கோகி’க்குப் பதில் முட்டைக்குக் ‘கெரான்’, ஹாமுக்கு ‘ஹெம்’, மீன் கேக்குக்கு ‘ஒமுக்’, நெத்திலிக்கு ‘மியோல்ச்சி’. இந்தப் பட்டியலைக் கொரிய எழுத்தில் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது. கூட்டமில்லாத நேரத்தில் போனால் பொறுமையாகக் கேட்டுச் செய்வார்கள்.

இன்னொரு உதவி சுவரிலேயே இருக்கிறது. அரிசி, கிம்ச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழி முதலியவை எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று கொரிய உணவகங்கள் சட்டப்படி எழுதி வைக்க வேண்டும். அந்தப் பலகையில் பன்றியும் மாடும் இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தச் சமையலறையைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும்.

இவற்றைவிடச் சிறந்த வழி, சைவமாகவே பிறந்த உணவைத் தேடிப் போவது. கோடையில் கிடைக்கும் கோங்குக்சு: அரைத்த சோயாப் பாலைக் குளிரவைத்து நூடுல்ஸின்மேல் ஊற்றுவார்கள், உப்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். செம்பயறுக் கஞ்சியான பாத்ஜுக், பூசணிக் கஞ்சியான ஹோபாக்ஜுக் இரண்டும் வயிற்றுக்கு இதம். கங்வொன் மாநிலத்தில் துருவிய உருளைக்கிழங்கை வார்க்கும் கம்ஜாஜொன். மலைக் கோயில்களின் அடிவாரத்தில் காட்டுக் கீரைகளோடு தரும் சன்சே பிபிம்பாப். சியோல் குவாங்ஜாங் சந்தையில் ஊறவைத்த பாசிப்பயற்றைக் கல்லில் அரைத்து, நம் அடையைப்போல் தடிமனாக வார்க்கும் பிந்தேத்தொக்கைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அதில் பன்றி இறைச்சி சேர்ப்பவர்கள் உண்டு, அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் கோயில் உணவு. கொரியப் பௌத்தத் துறவிகளின் சமையலில் இறைச்சியும் மீனும் இல்லை. மனத்தைக் கிளறும் என்று விலக்கும் ஐந்து காரப் பொருள்களும் இல்லை: பூண்டு, வெங்காயத் தாள் வகைகள், அவற்றோடு பெருங்காயம். கொரியாவில் விளையாத பெருங்காயம் இந்தியாவிலிருந்து வந்த விதியோடு அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறது. பூண்டு வெங்காயம் தவிர்க்கும் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போக இதைவிட நிம்மதியான இடம் கிடையாது. சியோலில் ஜொக்யேசா கோயிலுக்கு எதிரே, ஜொக்யே பௌத்தப் பிரிவு நடத்தும் பாரு கோங்யாங் உணவகத்தில் முன்பதிவு செய்து போகலாம். விலை சற்று அதிகம், ஆனால் தாமரைக்கிழங்கும் காளானும் சோயாத் தயிரும் ஒவ்வொன்றாக வரும் அந்தச் சாப்பாடு அதற்குத் தகும். புத்தர் பிறந்த நாளன்று பல கோயில்களில் வருகிறவர்களுக்கெல்லாம் பிபிம்பாப் கொடுப்பார்கள்.

ஹலால் தேடுபவர்களுக்கு இத்தேவொன். 1976-இல் திறந்த சியோல் மத்தியப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஹலால் முறையில் கொரிய உணவு செய்யும் கடைகளும், இந்திய, துருக்கி, அரபுக் கடைகளும் உண்டு.

குடிக்கும் மேசையில் உட்கார நேர்ந்தால்

மூத்தவர் ஊற்றினால் கோப்பையை இரு கையால் ஏந்துங்கள். நீங்கள் ஊற்றும்போதும் இரு கை. குடிக்காதவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு ‘சைதா’ கேட்கலாம். அது எலுமிச்சைச் சுவையுள்ள சோடா, அதில் மது இல்லை. மழை பெய்தால் கொரியர்கள் வெங்காயத் தாள் போட்ட பாஜொன்னும் மக்கொல்லி என்ற அரிசி மதுவும் தேடிப் போவார்கள். பாஜொன்னை மட்டும் தின்றுவிட்டு வந்தாலும் நிறைவாகத்தான் இருக்கும். கடலுணவு சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவது

மேசையில் பில்லுக்குக் காத்திருக்க வேண்டாம். எழுந்து வாசலருகே உள்ள கல்லாவுக்குப் போய்க் கட்ட வேண்டும். மேசையில் சீட்டு வைத்திருந்தால் எடுத்துச் செல்லுங்கள். பட்டியலில் உள்ள விலைதான் கடைசி விலை, வரி அதற்குள்ளேயே இருக்கிறது. டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து தருவார்கள். அட்டை எங்கும் செல்லும். சந்தைக் கடைகளுக்கு மட்டும் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். வெளியேறும்போது சமைத்தவர் பக்கம் திரும்பி ‘ஜால் மொகொஸ்ஸும்னிதா’, நன்றாகச் சாப்பிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். எல்லோரும் சொல்வார்கள்.

முதல் நாளுக்கு ஒரு திட்டம்

காலையில் முளைகட்டிய சோயாக் குக்பாப். பயணக் களைப்புக்கு அந்தத் தெளிந்த சாறு மருந்து. மதியம் பதினொன்றரைக்கு ‘பேக்பான்’ என்று பலகை போட்ட சிறு கடை. சோறு, சூப், அன்றைக்குச் செய்த பன்ச்சான் வகைகள் என வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், கொரிய மேசையைப் பழக அதுவே நல்ல பள்ளி. மாலையில் இருவராக இருந்தால் இறைச்சி சுடும் கடை, தனியாக இருந்தால் சுந்துபு ஜிகே. சைவர்கள் காலையில் பூசணிக் கஞ்சி, மதியம் இறைச்சியும் முட்டையும் நீக்கி, கோச்சுஜாங்கைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிய பிபிம்பாப், மாலையில் கோயில் உணவு என்று வைத்துக்கொள்ளலாம். பாரு கோங்யாங்குக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதால், விமானச் சீட்டு உறுதியானவுடன் அந்த முன்பதிவைச் செய்துவிடுங்கள்.